ஆனாவுக்குப் பிறகு வருவது

அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி வருவதைப் படித்துவிட்டு யாராவது அவரைப் பொய்யர் என்று முடிவு கட்டினால், அவருக்காக நானே சண்டைக்கு வர வேண்டியிருக்கும். பொய்யராக இருந்திருந்தால் எப்போதோ மன்னித்து மறந்திருப்பேன்.

தில்லைநகரில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். சின்ன மென்பொருள் கம்பெனி. அரிசி ஆலை, தண்ணீர் சுத்திகரிக்கும் ஆலை மாதிரியான இடங்களில் இயந்திரங்களைக் கணினியோடு இணைத்துக் கொடுக்கும் வேலை. நான் திருவானைக்காவலிலிருந்து பஸ்ஸில் போவேன். அவர் ஸ்ரீரங்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். எங்கள் எல்லோருக்கும் சீனியர் அவர்தான். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, நெற்றியில் மெல்லிய சூர்ணக்கோடு, மேஜையில் கணினியைத் தவிர ஒரு துரும்பு இருக்காது. பேச்சும் அதே சுத்தம்.

அவரிடம் எதைச் சொல்லப் போனாலும் ஒரு கேள்வி காத்திருக்கும். "ஆமாவா, இல்லையா?" லீவு கேட்கப் போய், "சார், நாளைக்கு லீவு வேணும், எங்க சித்தி பொண்ணுக்கு..." என்று ஆரம்பித்தால் கை உயர்ந்துவிடும். வேணுமா வேண்டாமா? வேணும். எடுத்துக்கோ. காரணத்தைக் கேட்கவே மாட்டார். அந்த விஷயத்தில் அவர் எங்களுக்குத் தெய்வம். சித்தியே இல்லாதவர்கள்கூட நிம்மதியாக லீவு எடுத்தார்கள்.

ஆனால் வேலை விஷயமாக ஏதாவது விளக்கப் போனால் அதே கை உயரும். 'முடிஞ்சுது சார், ஆனா' என்று இழுத்தால், முடிந்தது என்பதோடு அவருக்குப் பேச்சு முடிந்துவிடும். "ஆனாவுக்கு அப்புறம் வர்றதெல்லாம் கமெண்ட்" என்பார். இது அலுவலகத்தில் பிரபலமான வசனம். அவர் முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'ஆனா சார்' என்றே பெயர். சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டு, "குழம்பு நல்லாருக்கு, ஆனா..." என்று நிறுத்திவிட்டு எல்லோரும் சிரிப்போம்.

கமெண்ட் என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். ஒரு மென்பொருளை எழுதி முடித்த பிறகும், அது ஒவ்வொரு இடத்திலும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தனியாகச் சொல்லவேண்டியிருக்கும். அதற்கென்று ஒரு சின்னக் கோப்பு உண்டு. கான்ஃபிக் ஃபைல் என்போம். வரிக்கு ஒரு விஷயம். இடது பக்கம் பெயர், நடுவில் சமக்குறி, வலது பக்கம் மதிப்பு. முதல் தொட்டி தானாகத் திறக்கட்டும் என்றால் ஆமாம், வேண்டாம் என்றால் இல்லை. ஒரு வரியின் தொடக்கத்தில் ஹாஷ் குறியைப் போட்டுவிட்டால் அந்த வரியைக் கணினி சட்டை செய்யாது. அது பின்னால் வந்து கோப்பைத் திறக்கும் மனிதர்களுக்காக எழுதிவைப்பது. அதுதான் கமெண்ட்.

இந்தக் கோப்புகளைப் படித்துப் பிரித்துக் கொடுக்கவும், மாற்றம் வந்தால் திரும்ப எழுதிவைக்கவும் அவர் ஒரு லைப்ரரி, அதாவது மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும் நிரல் தொகுப்பு, எழுதியிருந்தார். கம்பெனிக்கு வருமுன்பே சொந்தமாக எழுதியது. இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்தார். நாங்கள் வரைபடத்தில் தேடிப் பார்க்கவேண்டிய ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் அதைப் பயன்படுத்தினார்கள். பாராட்டி நீளமாக எழுதுவார்கள். அவர் ஒற்றைச் சொல்லில் நன்றி சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். பெருமையடித்துக்கொண்டு பார்த்ததில்லை. இதையும் அவர் கணக்கில் வைக்கத்தான் வேண்டும்.

லைப்ரரி அவரைப் போலவே இருந்தது. படிக்கும்போதே கமெண்டுகளைக் கழற்றி எறிந்துவிடும். திரும்ப எழுதும்போது பெயரும் மதிப்பும் மட்டும் அகர வரிசையில் வந்து நிற்கும். கோப்பு குளித்துத் தலைவாரிக்கொண்டு வந்ததுபோல இருக்கும். விளையாட்டாக 'ஆமாம்', 'இல்லை' என்ற தமிழ்ச் சொற்களையும் அது புரிந்துகொள்ளும்படி செய்திருந்தார். எங்களில் ஒருவன், 'பார்க்கலாம்' என்பதையும் சேருங்கள் சார், நம் ஊரில் பாதிப் பேர் அதைத்தானே சொல்கிறோம் என்று கிண்டல் செய்தான். அவர் சிரிக்கவில்லை. பார்க்கலாம் என்று எழுதினால் பிழை என்று சொல்லி நிறுத்திவிடும், எழுதினவர் தைரியமாக ஒன்றைச் சொல்லட்டும் என்றார்.

அவர் தங்கைக்கு வரன் பார்த்த கதையை அவரோடு கல்லூரியில் படித்த ஒருவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் இவருக்குப் போன் செய்து, பெண்ணைப் பிடித்திருக்கிறது, ஆனால் ஜாதகத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்களாம். இவர் உள்ளே போய் "பிடிச்சிருக்காம்" என்று மட்டும் சொன்னார். அம்மா தாயார் சன்னதிக்கு ஓடினார். சொந்தத்துக்கெல்லாம் செய்தி போய்விட்டது. ஜாதகம் பொருந்தவில்லை என்று பிறகு தெரிந்தபோது அந்தத் தங்கை இவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். "அவா சொன்னதைத்தானே சொன்னேன்" என்று இவர் கடைசி வரை திகைத்துப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தாராம். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தத் தங்கையின் முகத்தை அன்றைக்கு நான் ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்திருக்கலாம்.

மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி ஆலைக்கு வேலை வந்தது. நெல்லை ஆவியில் அவிக்கும் பெரிய தொட்டிகள். ஆவி முழுக்க அடங்கியதும் அடிக்கதவைத் திறந்து நெல்லைக் கீழே இறக்குவார்கள். ஆவி அடங்கிவிட்டதா என்று சென்சார் பார்த்துச் சொல்ல, கணினி தானாகக் கதவைத் திறக்க வேண்டும். அங்கே ஆபரேட்டராக இருந்தவர் தங்கராசு அண்ணன். அந்த ஆலையிலேயே காலம் கழித்தவர். சத்தத்துக்கு நடுவே வேலை செய்து பழகியதால் சாதாரணமாகப் பேசினாலே கத்துகிறாற்போல இருக்கும். பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்தால் விடமாட்டார். ரெண்டாம் தொட்டியின் அடியில் நின்றுகொண்டு அவர் சொன்னது:

"சென்சார் இருக்கும்மா, ஆனா தூசி அடைச்சா உள்ள ஆவி இருக்கும்போதே சைபர் காட்டும். இத நம்பாதீங்க."

புதிய சென்சார் வரும்வரை ரெண்டாம் தொட்டியைக் கையால்தான் திறக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். கோப்பில் அதற்கு மட்டும் 'இல்லை' என்று போட்டேன். அதற்கு மேலே ஹாஷ் குறி போட்டு, அவர் சொன்னதை அவர் சொன்னபடியே தமிழில் எழுதினேன். தங்கராசு அண்ணனைக் கேட்காமல் மாற்ற வேண்டாம் என்றும் சேர்த்தேன். அவரிடமும் சொன்னேன்: நீங்க சொன்னத எழுதி வச்சுட்டேண்ணே, இனி யார் வந்தாலும் தெரியும். அவர் திரையில் தன் வாக்கியத்தைப் பார்த்துவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தார்.

அடுத்த வாரம் எனக்கு அம்மை போட்டது. அறையோடு இருந்தேன். போனை அம்மா பிடுங்கி வைத்துக்கொண்டார். தலைக்குத் தண்ணீர் விடும்வரை யாரோடும் பேச்சு கிடையாது. அந்த நாட்களில் எங்கள் சீனியர் மில்லின் மென்பொருளை அலுவலகத்தில் இருந்தபடியே புதுப்பித்தார். அவருடைய லைப்ரரி கோப்பைப் படித்தது, திரும்ப எழுதியது. என் வரிகள் போயின. மற்ற எல்லாத் தொட்டிகளுக்கும் 'ஆமாம்' இருக்க, ஒன்றுக்கு மட்டும் காரணமில்லாமல் 'இல்லை' என்று நின்றது. காரணமில்லாத ஒன்று கண்ணில் பட்டால் அவருக்குத் தாங்காது. ஆலைக்குப் போன் போட்டார். எடுத்தவர் தங்கராசு அண்ணன்.

பேச்சு எப்படி நடந்தது என்று பிறகு அண்ணன் சொன்னார். ரெண்டாம் தொட்டிக்கு சென்சார் இருக்கா என்று கேட்டாராம். இருக்குங்க, ஆனா என்று அண்ணன் ஆரம்பித்தாராம். இருக்கா, இல்லையா? இருக்குங்க. போன் வைக்கப்பட்டது. 'இல்லை' இருந்த இடத்தில் 'ஆமாம்' வந்து உட்கார்ந்தது. ரெண்டாம் தொட்டியை இன்னும் கையால்தான் திறக்க வேண்டும் என்ற நம்பிக்கையில் அண்ணன் அதற்குக் கீழே சிந்திக் கிடந்த நெல்லைத் தள்ளிக்கொண்டிருந்தார். கதவு தானாகத் திறந்தது.

நான் வேலைக்குத் திரும்பிய அன்று அவர் என்னையும் அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அண்ணனின் வலது கை முழுக்கக் கட்டு. வலது கன்னம் தோல் உரிந்து சிவந்திருந்தது. அந்தக் கை இனி பழையபடி மடங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எழுந்து உட்காரப் பார்த்தவரை வேண்டாம் என்று கையமர்த்தி, நலம் விசாரித்துவிட்டு, சீனியர் கேட்டார்.

"சென்சார் தப்பாக் காட்டும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்ங்க, ஆனா அதை எழுதி வச்சிருக்கு, அது தானாத் தொறக்காதுன்னு மேடம்..."

"தெரியும்" என்று அவர் தலையாட்டிக்கொண்டார். நான் குறுக்கே புகுந்து, அண்ணன் அன்று சொன்னதை வார்த்தை மாறாமல் சொல்லி, முழுவதையும் சொன்னேன். அவர் பொறுமையாக நின்றார். ஆஸ்பத்திரியில் என்பதால் கையைக்கூட உயர்த்தவில்லை. நான் முடித்ததும், நேரமாகிவிட்டது, கிளம்பலாம் என்றார்.

அங்கிருந்து ஆலைக்குப் போனோம். ஆலை முதலாளி எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார். தப்பு யாருடையது என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். எங்கள் பக்கம் என்றால் நஷ்டத்தை எங்கள் தலையில் கட்டிவிட்டு அண்ணனைக் கங்காணி வேலைக்காவது வைத்துக்கொள்வதாக இருந்தார். அவ்வளவு நல்ல மனிதர்தான். அவர் கேட்டார்: ஆபரேட்டருக்கு முன்பே தெரியுமா? தெரியுமாம் என்றார் எங்கள் சீனியர். நான் கோப்பில் எழுதியிருந்தேன் என்று குரலை உயர்த்தினேன். முதலாளி அவரைப் பார்த்தார். அப்படி எழுதியிருக்கா சார்?

"ஃபைல்ல இல்லை" என்றார் அவர்.

அதை அழித்ததே உங்கள் லைப்ரரிதானே சார் என்று அவரிடம் முதலாளி முன்னாலேயே கேட்டேன். கமெண்டை அது வைத்துக்கொள்ளாது, அது பிழை இல்லை, வடிவமைப்பே அப்படித்தான், விளக்கக் குறிப்பில் எழுதியே வைத்திருக்கிறேன் என்றார். அதுவும் உண்மை. முதலாளிக்கு இந்தப் பேச்சு எதுவும் விளங்கவில்லை. அவருக்கு விளங்கியது ஒன்றுதான்: ஆபரேட்டருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே போய் நின்றிருக்கிறான். அத்தோடு அண்ணனின் வேலை போனது. அந்த மாதக் கடைசியில் நானும் வேலையை விட்டேன். கடைசி நாளில் அவரிடம் விடை பெறப் போனபோது ஏன் போகிறாய் என்று அவர் கேட்கவில்லை.

சில மாதங்கள் கழித்து, புது வேலையில், அவருடைய லைப்ரரியின் புதிய வெளியீடு வந்திருப்பதைப் பார்த்தேன். கமெண்டுகள் இனி அழியாது, எழுதினது எழுதின இடத்திலேயே இருக்கும் என்று அறிவிப்பு. அடிப்படையையே இடித்துக் கட்டாமல் அதைச் செய்ய முடியாது; உட்கார்ந்து உழைத்திருக்கிறார். எனக்குக் கொஞ்சம் மனசு இளகியது என்பதை மறைக்கவில்லை. இப்படிப்பட்ட லைப்ரரிகளோடு சோதனைக் கோப்புகள் இருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அவற்றைப் படித்து, திரும்ப எழுதி, ஒரு எழுத்தும் மாறவில்லையே என்று சரிபார்ப்பார்கள். அதில் ஒன்றைத் திறந்தேன்.

"சென்சார் இருக்கும்மா, ஆனா தூசி அடைச்சா உள்ள ஆவி இருக்கும்போதே சைபர் காட்டும்."

ஹாஷ் குறிக்குப் பின்னால், அப்படியே. அந்த 'ம்மா' உட்பட. என் கோப்பு அழிந்துபோயிருந்தது. நான் இதை ஆஸ்பத்திரியில் சொன்னபோது கேட்டதுதான் அவருக்கு. அதுவரை அவரைக் காது கேளாத மனிதர் என்றே வைத்திருந்தேன், அதனாலேயே ஓரளவு பொறுத்தும் போயிருந்தேன். அவருக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. எங்கள் எல்லோருடைய ஆனாவும் அவருக்கு எப்போதும் கேட்டிருக்கிறது. 

தங்கராசு அண்ணனுக்குப் போன் செய்து சொன்னேன். அவர் அப்போது சமயபுரத்தில் வண்டிகள் நிறுத்துமிடத்தில் காவலுக்கு இருந்தார். நான் சொன்னதா, அப்படியேவா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் மனைவி அதே ஆலையில் களத்தில் நெல் காயவைக்கும் வேலைக்குப் போகிறார். தெரிஞ்சே போய் நின்னவன் பொண்டாட்டி என்ற பேச்சை அங்கே தினமும் கேட்டு, சாயங்காலம் அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறாராம். "அவ ஒரு தடவ பாத்துட்டாப் போதும்மா. வேலயெல்லாம் போனது போயிட்டுப் போகுது" என்றார்.

முதலில் நான் ஸ்ரீரங்கத்துக்குப் போனேன். முதலாளியிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி அவரைக் கேட்பதாக உத்தேசம். அவர் கதவைத் திறந்து, "வா, உக்காரு. ஆத்துல எல்லாரும் கோவிலுக்குப் போயிருக்கா" என்றார். புது வெளியீட்டைப் பார்த்தாயா என்று ஆவலாகக் கேட்டார். ஒரு இடைவெளிகூட மாறாது என்றார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. பார்த்தேன் சார் என்று சொல்லிவிட்டு, வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் முகம் மெல்ல மூடிக்கொண்டது.

"லைப்ரரில சரி பண்ணியாச்சே."

"அந்த அண்ணனுக்கு சார்?"

"நான் ஓனர்கிட்ட சொன்னதுல ஏதாவது பொய் உண்டா? உண்டா, இல்லையா?"

இல்லை சார், ஆனா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் எதிர்பார்த்து நின்றதும் அதைத்தான். விழுங்கிவிட்டு, "உண்டு" என்றேன்.

அவர் உதடு அசைந்தது. எது என்று கேட்டார். ஆமாவா இல்லையான்னுதானே கேட்டீங்க சார் என்றேன்.  பிறகு, போயிட்டு வா என்று கதவைக் காட்டினார். அவரை நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டோல்கேட்டில் பஸ் மாறி மண்ணச்சநல்லூர் போனேன். அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி அடுப்படி வாசலில் நின்றபடி, வாங்க என்றார். போனில் அந்தக் கோப்பைத் திறந்து அவரிடம் நீட்டப் போனவள், ஒரு தடவை பார்த்துக்கொள்வோம் என்று பார்த்தேன். ஹாஷ் குறி இருந்தது. அதற்குப் பின்னால், 'இது ஒரு கமெண்ட்' என்று மட்டும் இருந்தது. இடையில் இன்னொரு வெளியீடு வந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை.

பழைய வெளியீடுகள் எங்கும் போய்விடுவதில்லை. தேடி எடுத்துவிட்டேன். இதோ பாருங்க அக்கா, அண்ணன் சொன்னது, இதில்தான் இருந்தது, அதை எழுதினவர் இப்போது எடுத்துவிட்டார் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் கொஞ்சம் தளர்ந்ததையும், அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டிருந்ததையும் நான் பார்த்தேன். பிறகு அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"அப்புறம் ஏம்மா எடுத்துட்டாங்க? தப்புன்னு தெரிஞ்சுதான எடுத்திருப்பாங்க?"

நான் ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன். லைப்ரரி என்றால் என்ன, சோதனை என்றால் என்ன, அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று. அண்ணன் இடது கையை லேசாக உயர்த்தினார்.

"விடுங்கம்மா" என்றார். "ரெண்டு பேருக்கும் டீ போடு."